செட்டிநாட்டுக் கொட்டகைகளில் நிற்கும் பழைய கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நாச்சாந்துபட்டி என்று இவ்வட்டாரத்தின் பல ஊர்களிலும், வீட்டுக் கொட்டகையில் நெடுநாளாக நிற்கும் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. 1920களிலும் 30களிலும் கப்பலில் வந்திறங்கிய பெரிய வெளிநாட்டுக் கார்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றைத் தேடி வருபவர்கள் எப்போதும் உண்டு. தேடுவாரற்றுப் போய்க்கொண்டிருப்பவை நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய சாதாரணக் கார்களே.

எந்தெந்தக் கார்கள் இந்தக் கணக்கில் வரும்?

முதலில் வருவது அம்பாசடர். 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. அடுத்தது, 1964இல் ஃபியாட் 1100 டிலைட் என்று வந்து 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, 2000ஆம் ஆண்டையொட்டி நின்றுபோன பம்பாய்க் கார். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதை ‘ஃபியாட்’ என்றே சொல்வார்கள். மூன்றாவது, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970களில் அதன் வழிவந்த கேசல். இவற்றோடு கான்டசாவையும், 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் விடைபெற்ற மாருதி 800ஐயும் சேர்க்க வேண்டும். மாருதியைப் பழைய கார் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். முதல் மாருதிகளுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

தெருவுக்கு இரண்டு நின்ற கார்கள் எங்கே போயின?

பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயின. பழுதாகிப் போனவையும் உண்டுதான். ஆனால் ஓடக்கூடிய நிலையில் இருந்தபடியே போனவை அதைவிட அதிகம் என்பது என் கணிப்பு. ஒரு கார் மலிவாகவும் ஏராளமாகவும் இருக்கும் காலத்தில் அதைப் பாதுகாக்க யாருக்கும் தோன்றாது. கிளட்ச் போனாலோ எஞ்சின் புகைத்தாலோ, பழுது பார்க்கும் செலவு காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு ஒரு விலை சொல்வார். வீட்டில் இடமும் காலியாகும். அம்பாசடர் கனமான இரும்புக் கார் என்பதே அதற்கு எமனாக வந்தது, ஏனென்றால் எடைக்கு விற்றால் சின்னக் காரைவிட அதற்குக் கூடுதல் பணம் கிடைத்தது.

டாக்சி ஸ்டாண்டுகள் மாறியது அடுத்த காரணம். அம்பாசடர் நிற்காத டாக்சி ஸ்டாண்டு ஒரு காலத்தில் இல்லை. டீசல் வேன்களும் குளிர்சாதன வசதியுள்ள கார்களும் வந்த பிறகு சவாரி அந்தப் பக்கம் போனது. டாக்சி அம்பாசடர்கள் நிறுத்தப்பட்டபோது அவற்றோடு சேர்ந்து உதிரிபாக விற்பனையும் படுத்தது, ஏனெனில் கடைக்காரர் சரக்கு வாங்கி வைப்பது நாள்தோறும் ஓடித் தேயும் வண்டிகளை நம்பித்தானே ஒழிய, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியை நம்பி அல்ல. வண்டி குறையப் பாகம் குறைவதும், பாகம் குறைய வண்டி குறைவதுமாக அந்தச் சரிவு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. அரசு அலுவலகங்களின் பழைய கார்களும் ஏலத்தில் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பின் எஞ்சியவையும் கழிந்தன.

அப்படியிருந்தும் செட்டிநாட்டில் இன்னும் சில கார்கள் எஞ்சியிருப்பது ஏன்?

இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. கடலோர ஊர்களைப் போல் இங்கே உப்புக் காற்று இல்லை; ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். அதனால் தகடு துருப்பிடிப்பது மெதுவாக நடக்கிறது. ஆனால் அதே வெயில் ரப்பரையும் டேஷ்போர்டையும் சீட் உறையையும் பொரித்து எடுத்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்றது குடும்ப வழக்கம் சார்ந்தது. பெரிய வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. ஒரு புள்ளி (மணமான குடும்பம்) சென்னையில், ஒரு புள்ளி கோலாலம்பூரில், ஒரு புள்ளி பெங்களூரில் என்று இருப்பார்கள். வீட்டை விற்க எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருப்பது போலவே கொட்டகையில் நிற்கும் காரை அப்புறப்படுத்தவும் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும் என்று யாரும் அதைத் தொடுவதில்லை. பொங்கலுக்கோ, முன்னோருக்கான படைப்புக்கோ, கல்யாணத்துக்கோ கூடும்போது ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். காரை எடைக்குப் போகாமல் காத்ததும் இந்த இழுபறிதான். ஓடவிடாமல் முடக்கியதும் அதேதான்.

காரின் பதிவுச் சான்று (ஆர்.சி.) ஐயா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. காரை எங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் இதுவே இவ்வட்டாரத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும், மிக அதிகமாகப் பாதியில் கைவிடப்படும் வேலையும் ஆகும். உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தால் தாமதக் கட்டணம் சேரும். அதனால் வழி அடைபட்டுப் போகாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி., நடப்பிலுள்ள இன்சூரன்ஸ் ஆகியவை கேட்கப்படும். சம்மதக் கடிதம்தான் சிக்கலான இடம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியின் கையெழுத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பச் சொல்வதற்கு அடுத்த கல்யாணக் கூட்டம்வரை காத்திருக்காமல் ஒருவர் பொறுப்பேற்று முயல்வது நல்லது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் காரைக்குடியும் தேவகோட்டையும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன, அந்த மாவட்டத்தின் தலைமையகம் மதுரையில் இருந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல். அதற்கு முன் அந்தப் பக்கத்து ஊர்கள் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆகவே உங்கள் காரின் முதல் பதிவு எங்கே நடந்தது என்பதை ஆர்.சி. புத்தகத்தின் முத்திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அலுவலகத்துக்குப் போக வேண்டும். கைப்பதிவேட்டில் மட்டும் இருக்கும் பழைய எண், இப்போதைய ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறியிருக்காது. அதை முதலில் ஏற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆர்.சி. புத்தகமே தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து நகல் பெறலாம். அதற்கும் பழைய பதிவேட்டில் எண் கிடைத்தாக வேண்டும். எனவே வீட்டில் பழைய வரி ரசீதோ இன்சூரன்ஸ் தாளோ ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெட்டகத்தில் இருக்கும் கட்டுகளை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது வீண்போகாது.

15 ஆண்டு ஆன காரை ஓட்டக் கூடாது என்கிறார்களே?

அது டெல்லிச் செய்தி. பெட்ரோல் கார் 15 ஆண்டு, டீசல் கார் 10 ஆண்டு என்ற தடை தலைநகர் வட்டாரத்துக்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த உத்தரவுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. முதல் 15 ஆண்டுக்குப் பிறகு வாகனத்தைக் காட்டி, தகுதிச் சோதனையில் தேறி, பசுமை வரியும் செலுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது: 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பு அதை 10,000 ஆக்கியது. ஆண்டுக்கு இரண்டாயிரம் என்று வகுத்துப் பார்த்தால் பெரிதில்லை என்று தோன்றலாம். நாற்பதாயிரம் ரூபாய் கூடப் பெறாத மாருதி 800ஐ வைத்திருப்பவருக்கு அது பெரிதுதான்.

‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாமா?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு இந்த வசதியைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவெண் உள்ள கார் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அந்தக் காரைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. ஆகவே சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே சரி.

எந்தப் பாகம் கிடைக்கும், எது கிடைக்காது?

எஞ்சின் போய்விட்டது என்றுதான் எல்லோரும் பயந்து வருகிறார்கள். உண்மையில் எஞ்சின்தான் கடைசிக் கவலை. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஃபியாட்டின் 1089 சிசி எஞ்சினும் மிக எளிய வார்ப்பிரும்பு வேலைகள். சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் எடுத்து அளவு கூடிய பிஸ்டன் போடலாம். அதற்கும் மேல் தேய்ந்தால் லைனர் இறக்கித் திரும்பவும் பழைய அளவுக்கே கொண்டு வரலாம். கிராங்கைத் தீட்டி அதற்கேற்ற பேரிங் போடலாம். வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கிங் பின், புஷ் ஆகியவை இன்றும் ஏதோ ஒரு மூலையில் கிடைக்கின்றன, அல்லது கடைந்து செய்ய முடிகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற மின்பாகங்கள் பெரும்பாலும் சென்னை பாடியில் உருவான லூகாஸ் டிவிஎஸ் சரக்கு. அவற்றைச் சுற்றிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தட்டுப்பாடு உள்ளவை வேறு. கதவுக் கைப்பிடி, ஜன்னல் ஏற்றி, டெயில் லைட் மூடி, பம்பர் முனை, கிரில், சின்னம், மீட்டர் கண்ணாடி, ஸ்டியரிங் நடுவே இருக்கும் ஹாரன் மூடி, கதவுச் சட்டத்தில் ஓடும் ரப்பர் பீடிங் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். இவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். நிறுவனம் மூடியதோடு அச்சும் போய்விட்டது. லேத்காரரால் ஒரு கிங் பின்னைக் கடைந்துவிட முடியும். வளைந்த சிவப்புப் பிளாஸ்டிக் விளக்கு மூடியைக் கடைய முடியாது. அம்பாசடரில் மார்க் 1 முதல் மார்க் 4 வரை கிரிலும் முன்பக்க விளக்குகளும் மாறிக்கொண்டே வந்தன. ஆகவே அம்பாசடர் கிரில் என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த மார்க், எந்த ஆண்டு என்று சொல்லத் தெரிய வேண்டும். பின்னாளைய கிரில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக 1960களின் காரில் அதை மாட்டியவர்கள் ஏராளம், கழற்றிய பழைய கிரிலோ பெரும்பாலும் எடைக்குப் போயிருக்கும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களின் நிலைமை இன்னும் வேறு. அந்தக் கார் நம் மாநிலத்தில் தயாரானது, ஆனால் மிகக் குறைந்த காலமே உற்பத்தியில் இருந்தது. நிறுவனமும் 1980களின் இறுதியோடு கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மூக்கோடு சேர்ந்து முன்பக்கம் முழுதும் முன்னோக்கித் திறக்கும் அந்த பானட் ஒருமுறை நசுங்கினால் மாற்று பானட் கிடைப்பது அரிது. நல்ல டிங்கரைத் தேடித் தட்டி எடுப்பதே வழி. மறுபக்கம் ஓர் ஆறுதல் உண்டு: அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ரசிகர்கள் இருப்பதால் ரப்பர், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அம்பாசடரின் எஞ்சினும் பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வழிவந்ததே, அதே குடும்பத்து எஞ்சின் போட்ட வேறு கார்களின் பாகங்களும் சில இடங்களில் பொருந்தும். சுங்க வரியும் தபால் செலவும் சேர்ந்தால் விலை கண்ணைக் கட்டும் என்பது வேறு.

பாகங்களை எங்கே தேடுவது?

முதலில் உள்ளூரில் தேடுங்கள். காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரை, திருச்சியில் டாக்சி அம்பாசடர் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர்களின் பரணில், கணக்கில் வராத பழைய சரக்கு இருப்பதுண்டு. கடைப் பையனிடம் கேட்டால் இல்லை என்பார். முதலாளியிடம் பாகத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்க வேண்டும். அடுத்து சென்னை: புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அம்பாசடருக்கு டெல்லி காஷ்மீரி கேட்டும் கொல்கத்தா மல்லிக் பஜாரும் பெயர்பெற்றவை. கொல்கத்தாவில் மஞ்சள் டாக்சிகளாக அந்தக் கார் நெடுங்காலம் ஓடியதே அதற்குக் காரணம். ஃபியாட்டுக்கு மும்பைதான். ஆனால் அங்கே பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டு இறங்கிவிட்டன என்பதால் அந்த ஊற்றும் இனி வற்றத்தான் செய்யும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே எனாமல் பாத்திரம், கடிகாரம், மரவேலைப்பாடு பார்க்கலாம். கார் பாகத்துக்கு அது இடம் அல்ல. அங்கே ஏதாவது சின்னமோ விளக்கோ கண்ணில் பட்டாலும் அலங்காரப் பொருளின் விலையில்தான் கிடைக்கும்.

கம்பெனி பாகம் என்று சொல்லி விற்பவற்றை நம்பலாமா?

அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், பொருளைப் பாருங்கள். பழைய பெயர் அச்சிட்ட புதுப்பெட்டியில் டூப்ளிகேட் சரக்கு வருவது வாடிக்கை. பீடிங், கால் விரிப்பு போன்றவற்றில் டூப்ளிகேட் இருந்தால் பெரிய நட்டமில்லை. பிரேக், ஸ்டியரிங் தொடர்பான எதிலும் அந்தச் சமரசம் கூடாது. இன்னொன்று: முப்பது ஆண்டு பெட்டியிலேயே கிடந்த ‘ஒரிஜினல்’ பிரேக் ரப்பரைவிட நேற்றுச் செய்த நல்ல ரப்பர் எவ்வளவோ மேல். இரும்புப் பாகம் கிடந்து கெடுவது குறைவு. ரப்பர் பெட்டிக்குள்ளேயே முதுமையடைந்துவிடும்.

பல ஆண்டு நின்ற காரை எப்படி ஓட வைப்பது?

பேட்டரியை மாற்றிச் சாவியைத் திருகுவதுதான் மிகப் பெரிய கேடு. ஆர்வத்தில் வீட்டுப் பிள்ளைகள் இதைச் செய்துவிட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நின்ற காலத்தில் சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவேறி ஒட்டியிருக்கும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்; அம்பாசடர் போன்ற பழைய கார்களுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதியே உண்டு. சுற்றவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், மறுபடியும் ஊறவிடுங்கள்.

சுற்றினால் அடுத்தது பெட்ரோல் டேங்க். பழைய பெட்ரோல் கெட்டியாகிப் பிசினாக அடியில் படிந்திருக்கும். அதை அப்படியே இழுத்தால் பம்பும் கார்புரேட்டரும் அடைபடும். டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களை ஊதி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே புது பெட்ரோல் ஊற்ற வேண்டும். முதலில் ஒரு வெளிப் புட்டியிலிருந்து பெட்ரோல் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். வயரிங்கில் எலியும் பெருச்சாளியும் செய்து வைத்திருக்கும் வேலையைப் பார்க்காமல் பேட்டரியை இணைக்காதீர்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே தெருவில் எடுத்துவிடுவதும் உண்டு. பிரேக்கைப் பார்க்காமல் ஒரு அடி கூட நகர்த்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரும் நான்கு சக்கரச் சிலிண்டர்களும் கட்டாயம் பிரிக்கப்பட வேண்டும். உள்ளே துருவால் குழி விழுந்திருந்தால் பித்தளைப் புஷ் அடித்துத் தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. கப்பும் ரப்பரும் புதிதாகப் போட்டு, எல்லாக் குழாய்களிலும் புது பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ பிரேக்கில் ஊற்றிவிட்டால் ரப்பர் முழுதும் ஊதிப் பாழாகும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

ஓடும், ஆனால் கவனம் வேண்டும். 2025 முதல் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. அதைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களுக்கானவை. 1970களின் கார்களில் உள்ள பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவை எத்தனாலில் ஊறி மெல்லப் பிய்யும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆகவே ஹோஸ்களை எத்தனால் தாங்கும் விட்டான் வகை ரப்பருக்கு மாற்றுவதை ஒத்திப்போட வேண்டாம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பொங்கலுக்குப் பொங்கல் ஓட்டுவதாக இருந்தால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் டேங்கை வடித்துவிட்டுப் போங்கள்.

ஈயம் நீக்கிய பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுதும் வந்தபோது எழுந்த அச்சத்தையும் சிலர் இன்னும் கேட்கிறார்கள். அம்பாசடரின் இரும்பு ஹெட்டில் வால்வு அமரும் இடம் மெல்லத் தேயலாம். அடுத்த முறை ஹெட் பிரிக்கும்போது கடின உலோக வளையம் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

துருவுக்கு என்ன செய்வது?

பட்டி வைத்து மூடாதீர்கள். துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டியும் பெயின்டும் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் கொப்பளித்துக் கிளம்பும். துரு ஏறிய பகுதியை வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்வதே நிலையான வழி. காரின் அடிப்பாகம், கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, மட்கார்டின் உட்புறம், டிக்கித் தரை ஆகிய இடங்களைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் அதே காரைக்குடியில், ஈரத் தரைமேல் சாக்கைப் போர்த்திக் காரை நிறுத்துகிறோம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். தார்ப்பாயோ பிளாஸ்டிக்கோ இறுக்கமாகப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணிதான் நல்லது, கொட்டகையில் காற்றோட்டமும் வேண்டும்.

டயர்?

அம்பாசடருக்கு 15 அங்குலம், ஃபியாட்டுக்கு 14, ஹெரால்டுக்கு 13, மாருதிக்கு 12. தேடினால் கிடைக்கும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

மாருதி 800 இன்னும் நிறைய இருக்கிறதே, அதற்கு என்ன அவசரம்?

அம்பாசடரைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். மாருதியின் 796 சிசி எஞ்சின் ஆம்னியிலும் இருந்தது, ஆம்னி 2019 வரை வந்தது; அதனால் இயங்கு பாகங்களுக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1983 முதல் 1986 வரை வந்த முதல் வடிவ மாருதியின் விளக்குகளும் டேஷ்போர்டும் இப்போதே அரிது.

என்னுடைய உண்மையான கவலை 1995க்கும் 2005க்கும் இடைப்பட்ட கார்கள் மீதுதான். டேவூ சியலோ, மட்டிஸ், ஓப்பல் ஆஸ்ட்ரா, மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஐகான் போன்றவற்றைச் சொல்கிறேன். நிறுவனமே இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்ட கார்கள் இவை. கார்புரேட்டர் காரை ஒரு நல்ல மெக்கானிக் காதால் கேட்டே சரிசெய்வார். இவற்றிலோ எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரு மின்னணுப் பெட்டி ஆள்கிறது. அந்தப் பெட்டி எரிந்துபோனால் லேத் பட்டறையால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் பதினைந்து ஆண்டுகளில் 1965ஆம் ஆண்டு அம்பாசடரை ஓட வைப்பதைவிட 1998ஆம் ஆண்டு சியலோவை ஓட வைப்பது கடினமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அத்தகைய கார் வைத்திருப்பவர்கள், பழைய இரும்புக் கடையில் அதே மாடல் வந்தால் இப்போதே அந்தப் பெட்டியையும் சென்சார்களையும் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லையே?

பாகத்தைவிட அரிதாகி வருவது இந்தக் கைத்திறன்தான். பாயின்ட் இடைவெளி வைக்கவும், கார்புரேட்டர் மிதவையின் உயரம் பார்க்கவும், ஃபியாட்டின் ஸ்டியரிங் கம்பத்து கியர் இணைப்பைச் சரிசெய்யவும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பட்டறைக்குப் பெயர்ப்பலகை கூட இருக்காது. பழைய டாக்சி ஓட்டுநர்களைக் கேட்டால் வழி காட்டுவார்கள். அப்படி ஒருவர் அகப்பட்டால், அவர் வேலை செய்யும்போது இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் செய்து படம் பிடித்து, அளவுகளைக் குறித்து வையுங்கள். கூலியில் பேரம் பேசும் இடம் அது அல்ல.

இதற்கெல்லாம் என்ன விலை பெறும்? அரிதாகிவிட்டால் விலை ஏறாதா?

அரிது என்பதும் விலை என்பதும் ஒன்றல்ல. யாரும் தேடாத கார் எவ்வளவு அரிதானாலும் விலை பெறாது. கான்டசாவுக்கு உள்ள கிராக்கி அதைவிட அரிதான ‘ஸ்டாண்டர்டு 2000’ காருக்கு இல்லை. தாள்கள் சரியாக உள்ள, துருவில்லாத, ஆரம்பகால மாடல் அம்பாசடருக்கும் ஃபியாட்டுக்கும் நல்ல விலை உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும், இங்கே அடிக்கடி நடக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சொந்த உபயோகப் பதிவில் உள்ள காரை வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். டீசல் விலை மலிவாக இருந்த காலத்தில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் மாற்றப்பட்ட அம்பாசடர்கள் பல இவ்வட்டாரத்தில் உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாதிருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலையைப் பாதியாகக் கணக்கிட்டு வாங்குங்கள்.

மீட்க முடியாத காரைப் பாகங்களுக்காகப் பிரித்து விற்கலாமா?

அடிச்சட்டம் அரித்து, தாள்களும் இல்லாத காரைப் பிரிப்பதில் தவறில்லை. அப்படி ஒன்று பிரிந்தால் வேறு மூன்று கார்களாவது ஓடும். ஆனால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதை எடைக்குப் போடுவதுதான் இங்கே வழக்கம். மேலே சொன்ன காரணத்தால் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் கண்ணாடிகள், விளக்குகள், கைப்பிடிகள், கிரில், மீட்டர் தொகுதி, சின்னங்கள் ஆகியவற்றைப் பொறுமையாகக் கழற்றி, துணியில் சுற்றி, மாடலும் ஆண்டும் எழுதி வையுங்கள். பிரித்து முடித்தபின் பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பதற்குப் பதில், அரசு பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் உடலை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அங்கே போகும் வண்டியில் எவ்வளவு பாகம் மீதி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எந்த வழியில் அழித்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த தகட்டைத் தனியாக யாருக்கும் விற்காதீர்கள், யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். திருட்டு வண்டிகளுக்கு அதுதான் மாற்றுப் பெயராகப் போகிறது.